ஒரு ஸ்பீக்கர் வச்சு ரூமையே அமைதியாக்க முடியுமா?

ஹெட்போன் எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் ஒரே கேள்வியைத்தான் அனுப்பியிருந்தீங்க. "நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன் பஸ் இரைச்சலை அழிக்குதுல்ல, அதே மாதிரி ரூம்ல ஒரு ஸ்பீக்கரை வச்சு பக்கத்து வீட்டு டிரில்லிங் சத்தத்தை அழிக்க முடியாதா ப்ரோ?" நியாயமான கேள்வி. எனக்கும் இதே ஆசை வந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசா போச்சு.

முதல்ல அடிப்படை. ஒலின்னா காற்றழுத்தம் ஏறி இறங்குறது. ஒரு அலை மேடாக வரும்போது, அதே அளவு பள்ளமா இன்னொரு அலையை அனுப்பினா ரெண்டும் சேர்ந்து பூஜ்யம். ஜெர்மன்காரர் பால் லூயெக் இந்த யோசனைக்கு 1936-லயே அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிட்டார். ஆனா அப்போ அதைச் செய்ய எலக்ட்ரானிக்ஸ் இல்லை. அமர் போஸ் 1978-ல ஒரு விமானப் பயணத்துல, எஞ்சின் இரைச்சலில் பாட்டே கேக்கலைன்னு சலிச்சுப்போய், அங்கேயே உட்கார்ந்து கணக்கு போட ஆரம்பிச்சார். விமானிகளுக்கான ஹெட்செட் விற்பனைக்கு வந்தது 1989-ல. நடுவுல 11 வருஷம்!

ஏன் இவ்வளவு கஷ்டம்? சாஃப்ட்வேர்காரங்களுக்குப் புரியற வார்த்தையில சொன்னா, லேட்டன்ஸி.

நான் பண்ணது ரொம்ப சிம்பிள். மைக்ல வர்ற சிக்னலை மைனஸால பெருக்கி ஸ்பீக்கர்ல அனுப்புற ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட். லேப்டாப் ஆடியோ பஃபர் 256 சாம்பிள். ஒரு செகண்டுக்கு 48,000 சாம்பிள்னா, அந்த ஒரு பஃபருக்கே 5.3 மில்லி செகண்ட் போயிடுது. அதுக்குள்ள ஒலி 1.8 மீட்டர் தாண்டிப் போயிருக்கும். பள்ளம் வந்து சேரும்போது மேடு காதைக் கடந்து சுவர்ல மோதிட்டிருக்கும். ஹெட்போன்ல வெளி மைக்குக்கும் செவிப்பறைக்கும் இடையில சில சென்டிமீட்டர்தான். அதுக்குள்ள இருக்கிற சிப்புக்குக் கிடைக்கிற அவகாசம் ஏறத்தாழ 0.1 மில்லி செகண்ட். அதனாலதான் அதுக்குன்னே தனி சிப் போடுறாங்க.

சரி, டிரில்லிங்கை விடு, இன்வெர்ட்டரைப் பிடிப்போம்னு இறங்கினேன். அது 'ம்ம்ம்'னு ஒரே சுருதியில 100 ஹெர்ட்ஸ்ல பாடும். மாறாத சத்தம்னா முன்கூட்டியே கணிக்கலாம், லேட்டன்ஸி பிரச்சினை இல்லை. ஸ்பீக்கர்ல 100 ஹெர்ட்ஸ் வச்சு, ஃபேஸை மெதுவா நகர்த்தினேன். ஒரு இடத்துல சட்டுனு அமைதி! நாற்காலியில உட்கார்ந்து சிரிச்சிட்டிருக்கேன், வாசல்ல நின்ன அம்மா, "என்னடா இன்வெர்ட்டருக்கு என்ன ஆச்சு, இவ்ளோ சத்தம் போடுது?"ன்னு கேட்டாங்க.

அங்கதான் பாடமே. 100 ஹெர்ட்ஸ் அலையோட நீளம் 3.4 மீட்டர். என் காதுகிட்ட மேடும் பள்ளமும் சந்திக்குது. அம்மா நின்ன இடத்துல மேடும் மேடும் சந்திக்குது, அதனால சத்தம் கூடுது. அதுவும் நிலைக்கலை. கரண்டோட 50 ஹெர்ட்ஸ் கிரிட் லோடுக்கு ஏத்த மாதிரி லேசா ஏறி இறங்கும். அதனால எனக்கு அஞ்சு செகண்ட் அமைதி, அடுத்த அஞ்சு செகண்ட் டபுள் சத்தம். நிஜமான சிஸ்டங்கள்ல காதுக்குப் பக்கத்துல இன்னொரு மைக் வச்சு, மிச்ச சத்தத்தை அளந்து தொடர்ந்து திருத்திக்கிட்டே இருப்பாங்க.

ஒரு கணக்கு ஞாபகம் வச்சுக்கங்க. எதிர் அலை, அலைநீளத்துல ஆறில் ஒரு பங்குக்கு மேல தள்ளிப் போனா, சத்தம் குறையாது, கூடும். 100 ஹெர்ட்ஸ்ல அது 57 சென்டிமீட்டர், தலையை ஆட்டலாம். 5,000 ஹெர்ட்ஸ்ல வெறும் 1.1 சென்டிமீட்டர். டிரில்லிங் கிறீச்சு சத்தத்தை ரூம் முழுக்க அழிக்க முடியாததுக்கு இதான் காரணம். குறைஞ்ச ஃப்ரீக்வென்ஸி, மாறாத தாளம், ஆட்கள் ஒரே இடத்துல உட்கார்ந்திருக்கணும்: இந்த மூணும் இருந்தா வேலை செய்யும். ஸாப் 2000 ப்ரொபெல்லர் விமானத்தோட கேபினுக்குள்ளயே இதுக்காக ஸ்பீக்கர் வச்சிருந்தாங்க.

இப்போ ரூம் பக்கம் வருவோம். நம்ம முதல் சில எபிசோடுல என் குரல் குடத்துக்குள்ள பேசுற மாதிரி இருந்துச்சுல்ல? என் ரூம் நீளம் 10 அடி. எதிரெதிர் சுவருக்கு நடுவுல 56 ஹெர்ட்ஸ், 112 ஹெர்ட்ஸ்னு அலைகள் சிக்கிக்கிட்டு நிக்கும். 112 என் குரலோட அடித்தளம். நான் சுவரை ஒட்டி உட்கார்ந்திருந்தேன், அழுத்தம் உச்சத்துல இருக்கிற இடமே அதுதான். காசு போட்டு வாங்கின ரெண்டு இன்ச் ஃபோம் மேல் ஸ்வரங்களைத்தான் உறிஞ்சுச்சு. 112 ஹெர்ட்ஸுக்கு அலைநீளமே 3 மீட்டர், அதுக்கு ரெண்டு இன்ச் ஒரு பொருட்டே இல்லை. தீர்வு? மேஜையை சுவரிலிருந்து இரண்டரை அடி தள்ளினேன், மூலையில பழைய இலவம்பஞ்சு மெத்தையைச் சுருட்டி நிறுத்தினேன். மேஜையை நகர்த்த ஒரு ரூபாய் செலவில்லை.

கடைசியா ஒண்ணு. இதையெல்லாம் நான் தோண்ட ஆரம்பிச்சதுக்குக் காரணம் டிரில்லிங் இல்லை. தினமும் பஸ்ல இரைச்சலை மீறிக் கேக்கணும்னு வால்யூமை ஏத்திக்கிட்டே இருந்தேன். ஒருநாள் ராத்திரி ஹெட்போனைக் கழட்டின பிறகும் காதுக்குள்ள 'ங்ஙீ'ன்னு ஒரு சத்தம், தூங்கவே முடியலை. உலக சுகாதார நிறுவனம் சொல்ற வரம்பு, 80 டெசிபல்னா வாரத்துக்கு 40 மணி நேரம். 90 டெசிபல்னா வெறும் 4 மணி நேரம். அந்த இரைச்சலைக் குறைச்சா வால்யூமையும் குறைக்கலாம், நாய்ஸ் கேன்சலிங்கோட நிஜமான பயன் அதுதான். அதைப் போட்டுக்கிட்டும் ஃபுல் வால்யூம் வச்சா அர்த்தமே இல்லை.

ரோடு கிராஸ் பண்ணும்போது மட்டும் கழட்டிடுங்க. லாரி எஞ்சின் உறுமலும் குறைஞ்ச ஃப்ரீக்வென்ஸிதான், ஹெட்போன் அதைத்தான் முதல்ல அழிக்கும்.

இன்னிக்கு ராத்திரி உங்க வால்யூமை ரெண்டு புள்ளி இறக்கிப் பாருங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.