கம்பெனி கேட்டது இன்னிசை. கிழவர் கொடுத்தது சங்கு!

மணி அடிக்கிறது. முரசு அதிர்கிறது. அபாயச் சங்கு ஊளையிடுகிறது. இருட்டில் ஒரு பெண்ணின் குரல் எழும்பி, தலைக்கு மேலே ஓடி மறைகிறது.

இசை நிகழ்ச்சிதான் நடக்கிறது! ஆனால் வித்துவான் ஒருவர்கூட இல்லை. மேடையும் இல்லை!

இது நடந்தது 1958-ம் ஆண்டில். பெல்ஜியத்தின் தலைநகரமான பிரசெல்சில் உலகப் பொருட்காட்சி நடந்தது. அதில் பிலிப்ஸ் கம்பெனி ஒரு மண்டபம் கட்டியது. ரேடியோவும் விளக்கும் செய்து பெயர் வாங்கிய கம்பெனி அது. தன் ஒளி, ஒலிக் கருவிகளின் திறமையை உலகுக்குக் காட்ட விரும்பியது.

மண்டபம் அமைக்கும் பொறுப்பை லெ கொர்புசியே ஏற்றார். நம் நாட்டில் சண்டிகர் நகருக்குத் திட்டம் போட்டுக் கொடுத்தவர் இவர்தான். கூடாரம் போன்ற விசித்திரமான வடிவத்தை அவருடைய உதவியாளர் செனாக்கிஸ் வரைந்தார்.

இசைக்கு யார்? "வாரெஸ்தான் வேண்டும்" என்று லெ கொர்புசியே பிடிவாதமாக நின்றார்.

74 வயதுக் கிழவர்

எட்கார் வாரெஸ் பாரிசில் பிறந்தவர், அமெரிக்காவில் குடியேறியவர். அப்போது அவருக்கு வயது 74. ராகமும் தாளமும் மட்டும் இசை அல்ல, எந்த ஒலியையும் ஒழுங்குபடுத்தினால் இசைதான் என்பது அவர் கொள்கை.

1954-ல் பாரிசில் அவருடைய இசை அரங்கேறியது. வாத்தியங்களுக்கு நடுவே, நாடாவில் பதிந்த இயந்திர ஓசைகளும் ஒலித்தன. சபையில் ஒரே கூச்சல், கேலி!

அப்படிப்பட்டவரைத்தான் கம்பெனி ஹாலந்தில் உள்ள தன் ஊரான ஐந்தோவனுக்கு அழைத்தது.

கத்தரித்து ஒட்டிய இசை

வேலை எப்படி நடந்தது? ஓசைகளை நாடாவில் பதிந்தார்கள். நாடாவை மெதுவாக ஓட்டினால் ஒலி தடிக்கும்; வேகமாக ஓட்டினால் கீச்சிடும். திருப்பி ஓட்டினால் இன்ன ஓசை என்றே தெரியாது. இப்படிக் கிடைத்த துண்டுகளைக் கத்தரித்து, ஒட்டி, மாதக்கணக்கில் உழைத்தார் வாரெஸ். உருவானது 8 நிமிட இசை!

கேட்ட நிர்வாகிகள் திகைத்தார்கள். "இது என்ன இசை? ஜனங்கள் ரசிக்கும்படி வேறு யாராவது செய்யட்டும்" என்று நினைத்தார்கள். லெ கொர்புசியே சம்மதிக்கவே இல்லை. கம்பெனி பணிந்தது.

மண்டபம் திறந்தது. உள்ளே 300-க்கும் மேற்பட்ட ஒலிபெருக்கிகள். சுவர்களில் வண்ண ஒளியும் படங்களும். 15 லட்சத்துக்கும் அதிகமான பேர் வந்து போனார்கள்.

அதே கம்பெனி, வேறு இசை

வேடிக்கை என்னவென்றால், அதே பிலிப்ஸ் கம்பெனியின் சோதனைச்சாலையில் டிக் ராய்மாக்கர்ஸ் என்ற இளைஞர் வேலை பார்த்தார். மின்சாரக் கருவிகளால் பாமரரும் ரசிக்கும் பாட்டு செய்ய முடியுமா என்று பார்ப்பது அவர் பொறுப்பு.

முடிந்தது! துள்ளலான மெட்டுகள் பிறந்தன. தம் பெயரையும் சோதனைச்சாலையின் சுருக்கப் பெயரையும் தலைகீழாக எழுதி, 'கிட் பல்டன்' என்ற புனைபெயரில் அவற்றை வெளியிட்டார். கருவி ஒன்றே, நாடா ஒன்றே. ஒருவர் இசை வாயில் முணுமுணுக்க வந்தது. மற்றவர் இசை நெஞ்சை உலுக்கியது.

ஜெயித்தது யார்?

வாரெஸின் இசைக்காகவே அத்தனை பேரும் வந்தார்கள் என்று சொல்ல முடியாது. பொருட்காட்சிக்கு வந்தார்கள், மண்டபத்தைப் பார்த்தார்கள், இசை காதில் விழுந்தது. கிழவரிடம் முணுமுணுக்க ஒரு மெட்டுக்கூட இல்லை என்பதும் உண்மையே.

ஆனால் கம்பெனியின் விருப்பப்படி நடந்திருந்தால்? அந்த 15 லட்சம் பேருக்கும் பழகிய இசைதான் கிடைத்திருக்கும். இப்படியும் ஒலி உண்டு என்று தெரிந்திருக்காது.

1959-ல் மண்டபத்தை இடித்துவிட்டார்கள். இசை நிலைத்தது. இன்றும் இசைக் கல்லூரிகளில் அதைக் கேட்டுப் படிக்கிறார்கள். துள்ளல் மெட்டுப் போட்ட ராய்மாக்கர்சோ, பின்னாளில் மெட்டுகளை விட்டுவிட்டு, கடினமான சோதனை இசையிலேயே இறங்கினார்!

புரியாதது எல்லாம் உயர்ந்தது ஆகிவிடாது. இனிப்பது எல்லாம் மட்டமும் ஆகிவிடாது. புதிய ஒலி காதில் விழுந்ததும் ரேடியோவைத் திருகாமல், எட்டு நிமிடம் பொறுமையாகக் கேட்கலாம். தீர்ப்பை அதற்குப் பிறகு சொல்லலாமே!