நாட்குறிப்பு மேடையேறும்போது

நாட்குறிப்பு பிறர் படிப்பதற்கென்று எழுதப்படுவதன்று. அதிலும் பதினான்கு, பதினைந்து வயதில் எழுதியதைப் பெட்டியின் அடியில் ஒளித்து வைப்பதே வழக்கம். அதை எழுதியவரே பல்லாண்டு கழித்து மேடையில் நின்று படித்தால் அவையோர் வயிறு குலுங்கச் சிரிக்கின்றனர். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 2002ஆம் ஆண்டு தொடங்கிய ‘மார்ட்டிஃபைடு’ என்னும் நிகழ்ச்சி இவ்வாறு அமைந்ததே. இங்கிலாந்தில் சூ டவுன்செண்டு என்னும் எழுத்தாளர் கற்பனையாகப் புனைந்த சிறுவனின் நாட்குறிப்பு, 1982இல் முதலில் வானொலியில் ஒலித்தது. அவ்வாண்டிலேயே நூலாகிப் பின்னர் மேடையும் ஏறியது.

இச்சிரிப்பு எங்கிருந்து பிறக்கிறது? தொல்காப்பியம் நகைக்கு நான்கு நிலைக்களன்களைக் கூறும். எள்ளல் அவற்றுள் ஒன்று, இளமை மற்றொன்று. நாட்குறிப்பின் நகை இளமையின்பாற்பட்டது. கணக்கில் ஐந்து மதிப்பெண் குறைந்ததற்காகத் துறவு பூண எண்ணிய சிறுவன், அடுத்த வரியிலேயே மாலையில் உண்ட வடையை மெச்சுகிறான். அவனுக்கு இரண்டும் மெய். அந்த மெய்ம்மையே நம்மைச் சிரிக்க வைக்கிறது. ஆதலின், வளர்ந்தபின் பெற்ற அறிவைக் கொண்டு ஏட்டைத் திருத்தலாகாது. பிழையோடும் படபடப்போடும் உள்ளவாறே படித்தல் வேண்டும்.

ஒருவரே பல பாத்திரங்களாகி அவையை ஆளும் கலை சித்தூர், திருப்பதி வட்டாரத்துக்குப் புதிதன்று. திருப்பதியில் தேவஸ்தானம் நடத்தும் இசை நடனக் கல்லூரியில் ஹரிகதை ஒரு பாடமாகவே கற்பிக்கப்படுகிறது. ஹரிகதைக் கலைஞர் கதையை இடையில் நிறுத்தி, உபகதை ஒன்றால் சிரிக்க வைத்து, விட்ட இடத்தைப் பிடித்துக்கொள்வார். நாட்குறிப்புக்கும் இம்முறை பொருந்தும். ஒரு குறிப்பைப் படித்து, தாயாகவும் ஆசிரியராகவும் குரல் மாற்றி நடித்து, மீண்டும் ஏட்டுக்குத் திரும்பலாம். சிறுபருவத்தை வட்டாரப் பேச்சிலேயே சொல்லலாம் என்பதற்கு அம்மண்ணில் பிறந்த நாமினி சுப்பிரமணியம் நாயுடுவின் தெலுங்குக் கதைகள் சான்று.

அங்கு வாழும் தமிழ்ச் சிறுவர்க்கு வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு. தமிழில் ‘வீடு’ என்றால் இல்லம். தெலுங்கில் அதே ஒலி ‘இவன்’ என்று பொருள்படும். ‘எங்கள் வீடு பெரியது’ என்று வாய்தவறித் தமிழில் சொன்னால் வகுப்பே சிரிக்கும். விடுமுறைக்குத் தமிழ்நாடு சென்றாலோ, தெலுங்கு கலந்த தமிழைக் கேட்டு உறவினர் நகைப்பர். இவ்வாறு இருபுறமும் எள்ளலுக்கு ஆளாகும் சிறுவர் சிலர் வீட்டுத் தமிழைப் பேசவே கூசிக் கைவிடுகின்றனர். அந்தக் கூச்சம் பதிந்த ஏட்டை அவர்களே பின்னாளில் அவைமுன் விரித்தால், நகைப்புக்கு இடமாயிருந்தவர் நகையை ஆள்பவராகின்றார். பிறமாநிலத் தமிழர் அனைவர்க்கும் இது பொருந்தும் என்பது நம் கருத்து.

இதற்கு வரம்பும் உண்டு. ஏட்டில் வரும் தோழர், ஆசிரியர் பெயர்களை மாற்றிவிடுதல் வேண்டும். இன்னும் ஆறாத புண்ணைச் சிரிப்புக்குரிய பொருளாக்கலாகாது. முதலில் இல்லத்தார்முன் படித்துப் பார்த்து, அவர்கள் மனம் நோகும் பகுதிகளை நீக்கியபின் சங்கத்து ஆண்டுவிழாவில் பத்து நிமிடம் பேசினால் போதும்.

பழைய ஏடுகளை எடைக்குப் போடுமுன் நேயர்கள் ஒருமுறை புரட்டிப் பார்ப்பார்களாக. பதினைந்து வயதுத் தமிழ் அங்கே இன்னும் பேசிக்கொண்டிருக்கக் கூடும்.