ஏறி இறங்கும் உஷ்ணம்

மின்சார ஓவன் இன்று நம் நகரங்களில் பல குடும்பங்களின் சமையலறைக்குள் வந்துவிட்டது. (பேச்சில் 'அவன்' என்கிறார்கள். அப்படியே எழுதினால் யாரோ ஓர் ஆண்பிள்ளை சமையலறையில் புகுந்துவிட்டதாக அர்த்தமாகும். ஆகையால் 'ஓவன்' என்றே எழுதுகிறோம்.) வீட்டிலிருந்தபடியே கேக்கும் ரொட்டியும் சுட்டு விற்றுக் குடும்ப வருமானத்துக்குத் துணை செய்யும் ஸ்திரீகளும் பலர். நடுவில் அமுங்கிப்போன ஒரு கேக்கினால் அவர்களுக்கு முட்டையும் வெண்ணெயும் மாத்திரமா நஷ்டம்? கொடுத்த வாக்கும் அல்லவா போகிறது! "உஷ்ணம் ஒரே நிலையில் நிற்பதில்லை, யந்திரம் கெட்டுவிட்டது" என்று அவர்கள் முறையிடுவதில் ஆச்சரியமில்லை.

உள்ளபடி, ஓவனின் உஷ்ணம் ஒரே நிலையில் நிற்கவே நிற்காது. குமிழை 180 டிகிரியில் வைத்தால், கம்பிச் சுருள் முழு வேகத்தில் காயும். அளவு தாண்டியதும் 'தெர்மாஸ்டாட்' மின்சாரத்தைத் துண்டிக்கும். சூடு தணிந்ததும் மறுபடி சேர்க்கும். பல ஓவன்களில் திரவம் நிரம்பிய மெல்லிய குழல் ஒன்று உட்சுவரோரம் மாட்டியிருக்கும். திரவம் விரிந்து ஸ்விட்சைத் தள்ளுகிறது. சிறிய ஓவன்களில், வெவ்வேறு அளவில் விரியும் இரண்டு உலோகத் தகடுகள் ஒட்டியிருந்து, சூட்டில் வளைந்து இணைப்பை விலக்குகின்றன. 17-ஆம் நூற்றாண்டில் கார்னீலியஸ் டிரெபெல் என்ற டச்சுக்காரர் முட்டை பொரிக்கும் பெட்டிக்குச் செய்த யுக்தியும் இந்த ஜாதிதான். இத்தகைய கருவியில் பத்துப் பதினைந்து டிகிரி மேலும் கீழும் போவது வியாதியல்ல, சுபாவம்.

சுபாவமா வியாதியா என்று அறிய, ஓவனுக்கென்றே விற்கும் தனி உஷ்ணமானி வேண்டும். அதை நடுத்தட்டில் வைத்து, அரை மணி காயவிட்டு, பிறகு ஒரு மணி நேரம் ஐந்து நிமிஷத்துக்கொரு தரம் கண்ணாடி வழியே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். கதவைத் திறக்கலாகாது. திறந்தால் நாம் அளப்பது நம் ஆவலைத்தான்! 195-க்கும் 165-க்கும் நடுவே ஊசலாடினால் கவலையில்லை. நடு அளவு 160 என்று வந்தால் குமிழின் எண்தான் பொய். 200-ல் வைத்துச் சுட்டால் தீர்ந்தது. நாற்பது ஐம்பது டிகிரி தாவினால்தான் கோளாறு.

அப்போதும் எளிய காரணங்களை முதலில் தேடவேண்டும். கதவிடுக்கில் ஒரு காகிதத் துண்டை வைத்து மூடி இழுங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் அனல் கசிகிறது. உட்குழல் கொக்கியிலிருந்து நழுவிச் சுவரைத் தொட்டாலும் கணக்குத் தவறும். சாயங்கால வேளையில் மட்டும் கேக் வேகவில்லையென்றால் ஓவனைக் குறை சொல்ல வேண்டாம். 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 200 வந்தால், சூடு முக்கால் பங்குதான் கிடைக்கும். உஷ்ணம் நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் ஸ்விட்ச் ஒட்டிக்கொண்டிருக்கலாம். உடனே மின்சாரத்தை நிறுத்தித் தேர்ந்த மின்சாரத் தொழிலாளியை அழையுங்கள். பின்பக்கத்தைத் தாமே கழற்றுவது அபாயம்.

இன்னொரு யோசனை. பாத்திரத்தில் மணல் பரப்பிக் கேக் சுட்ட நம் வீட்டுப் பெரியவர்கள் தெர்மாஸ்டாட்டைக் கண்டதில்லை. மணல் சூட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு அந்த வேலையைச் செய்தது. ஓவனின் கீழ்த்தட்டில், சுற்றிலும் காற்றுக்கு இடம் விட்டு, பிடியில்லாத கனத்த தோசைக்கல் ஒன்றை வைத்து நன்றாகக் காயவிட்டால் ஊசலாட்டம் வெகுவாய்க் குறையும். இவ்வளவுக்கும் அடங்காவிட்டால் தெர்மாஸ்டாட்டை மட்டும் மாற்றலாம். ஓவனையே மாற்றச் சொல்லும் கடைக்காரரிடம் நேயர்கள் அந்த ஐந்து நிமிஷக் கணக்கை எடுத்துக் காட்டட்டும்.