அத்திபெலே: வந்தவர்களின் ஊர்

பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் சாலையில் கர்நாடகத்தின் கடைசி ஊர் அத்திபெலே. தாண்டினால் தமிழகத்தின் ஜூஜூவாடி. வயல் சூழ்ந்த இச்சிற்றூரை நெடுஞ்சாலையும் தொழிற்பேட்டையும் பிழைப்புத் தேடி வந்தோரின் ஊராக்கின. கன்னடம், தெலுங்கு, தமிழ் மூன்றையும் ஒரே கடையில் கேட்கலாம்.

குடியேறி வாழ்வோரை அக்கம்பக்கம் அறியும். சில நாள் வேலைக்கு வருவோரை யார் அறிவார்? 2023 அக்டோபர் 7 அன்று இங்கே பட்டாசுக் கடை தீப்பிடித்துப் பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலோர் தீபாவளி விற்பனை வேலைக்குத் தமிழகத்திலிருந்து வந்தவர்கள். அவர்களில் மாணவர்களும் உண்டு.

அவ்வழியே போகும்போதெல்லாம் எனக்கு அந்த நினைவுதான். ஊரிலிருந்து நம் உறவுப் பிள்ளைகள் வேலைக்கு வந்தால், எங்கே, யாரிடம், என்ன வேலை என்று கேட்டு எழுதிவைப்போம். அவர்கள் வேலை செய்யும் இடத்தை ஒருமுறையேனும் நேரில் போய்ப் பார்ப்போம். முன்னே வந்த நாம் பின்னே வருவோருக்குச் செய்யவேண்டிய கடமை இது.