கைகுலுக்கலும் கைரேகையும்

1980களின் நடுவில் அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்து ஃபோர்ட் லாடர்டேலுக்கு யாட் எனும் உல்லாசப் படகு வாங்க வந்தவர், இன்ஜினையும் தளத்தையும் சுற்றிப் பார்த்து மனசுக்குப் பிடித்ததும் தரகரிடம் ஒரு காசோலையை நீட்டுவார். விலையில் பத்தில் ஒரு பங்கு அட்வான்ஸ். அந்தக் காசோலை எந்தக் கணக்கில் விழ வேண்டும் என்று சொல்ல ஃப்ளோரிடாவில் அப்போது தனிச் சட்டம் கிடையாது. அலுவலக வாடகையும் சம்பளமும் போகிற அதே கணக்கில் விழலாம். பேரம் முறிந்தால் பணம் திரும்பி வருவது தரகரின் நாணயத்தையும், அந்த மாதம் அவர் கையில் இருந்த ரொக்கத்தையும் பொறுத்தது. வீடு விற்கும் தரகரிடம் 1920களிலிருந்தே லைசென்ஸ் கேட்டுவந்த மாநிலம் அது. வீட்டைவிட விலை கூடிய படகை விற்றவரிடம் ஒன்றும் கேட்கவில்லை.

தொழில் அன்று முழுக்க முழுக்கப் பழக்கத்தில் நடந்தது. விற்பனைக்கு வந்த படகின் விவரம் தட்டச்சு செய்த ஒரு தாள். அதன் நகல் தபாலில் போகும். மீதியெல்லாம் படகுப் பத்திரிகைகளின் வரி விளம்பரமும் தொலைபேசியும்தான். சொன்ன சொல்லைக் காப்பாற்றிய தரகர்கள் நிறைய இருந்தார்கள். அவர்களை நம்பித்தான் அந்தத் துறைமுகமே வளர்ந்தது. ஆனால் ஒரு மேசையும் ஒரு தொலைபேசியும் இருந்தால் யாரும் நாளைக்கே தரகர் ஆகிவிடலாம். வெளியூரிலிருந்து வருகிறவருக்கு இன்னார் நல்லவர், இன்னார் மோசம் என்று எப்படித் தெரியும்?

எங்களுக்கு லைசென்ஸ் வேண்டும் என்று கேட்டு எழுந்தவர்கள் நல்ல தரகர்களே. 1987இல் சங்கம் அமைத்தார்கள். 1980கள் முடிவதற்குள் சட்டம் வந்துவிட்டது. தங்கள் தலைமேல் கட்டுப்பாட்டைத் தாங்களே கேட்டு வாங்கிய அந்தத் தலைமுறையை மதிக்காமல் இருக்க முடியாது.

சட்டத்தின் நிர்வாகம் போய்ச் சேர்ந்த இடத்தையும் சொல்ல வேண்டும். கடலோடு சம்பந்தப்பட்ட துறை எதிலும் அதை வைக்கவில்லை. நில விற்பனை, அடுக்குமாடி வீடுகள், நகரும் வீடுகள் ஆகியவற்றைக் கண்காணித்த பிரிவிடம் கொடுத்தார்கள். 2008இல் அந்தப் பிரிவின் பெயர் மாறியது. இன்றும் அடுக்குமாடி வீடுகளோடு சேர்ந்தே யாட் தரகர்களின் கோப்புகளும் அங்கே இருக்கின்றன. சரியான இடம்தான் என்பேன். தவணைக்கு நிலம் விற்று மக்களை ஏமாற்றிய காலத்தைப் பார்த்த மாநிலம் அது. அட்வான்ஸ் கொடுத்தவரின் பணம் எங்கே போகிறது என்ற கேள்வி நிலத்துக்கும் படகுக்கும் ஒன்றுதான்.

இன்று ஃப்ளோரிடாவில் படகுத் தரகராக வேண்டுமானால் முதலில் லைசென்ஸ் பெற்ற விற்பனையாளராகத் தொடர்ந்து 2 ஆண்டு வேறொரு தரகரின் கீழ் வேலை பார்த்திருக்க வேண்டும். கைரேகை கொடுக்க வேண்டும். விற்பனையாளர் 10,000 டாலருக்கும் தரகர் 25,000 டாலருக்கும் ஜாமீன் பத்திரம் வைக்க வேண்டும். தேர்வு கிடையாது; கலிஃபோர்னியா மாநிலமோ தேர்வும் வைக்கிறது. இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப் படுவது ஒரே விதி: வாங்குபவரின் பணம் தனி அறக்கணக்கில் நிற்க வேண்டும். அலுவலகப் பணத்தோடு அது கலக்கவே கூடாது.

அந்த விதி நடைமுறையில் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். பத்து லட்சம் டாலர் படகுக்கு ஒரு லட்சம் டாலர் அட்வான்ஸ் அறக்கணக்குக்குப் போகிறது. படகைப் பட்டைகளில் தூக்கிக் கரையில் நிறுத்துகிறார்கள். சர்வேயர் சிறிய சுத்தியலால் அடிப்பகுதியை அங்குலம் அங்குலமாகத் தட்டிக் கேட்கிறார். கணீரென்று வந்தால் நல்லது. சத்தம் மந்தமாக விழுந்தால் உள்ளே ஈரமோ பிளவோ இருக்கலாம். இன்ஜின் எண்ணெயில் கொஞ்சம் எடுத்துச் சோதனைச்சாலைக்கு அனுப்புகிறார்கள். கடலில் ஒரு ஓட்டம் ஓட்டிப் பார்க்கிறார்கள். ஒப்பந்தத்தில் குறித்த தேதிக்குள் வேண்டாம் என்று வாங்குபவர் எழுதிக் கொடுத்துவிட்டால் பணம் திரும்ப வேண்டும். அட்வான்ஸோடு ஒப்பிட்டால் 25,000 டாலர் ஜாமீன் கால்பங்குதான். ஆகவே வாங்குபவரை உண்மையில் காப்பது அந்தத் தனிக்கணக்கு.

வில்லங்கம் பார்ப்பது வேறு கதை. அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் ஆவண மையம் மேற்கு வர்ஜீனியாவின் ஃபாலிங் வாட்டர்ஸில் இருக்கிறது. அங்கே பதிவான படகின் மேல் உள்ள அடமானம் ஆவணத்தில் தெரிந்துவிடும். பட்டறைக்குக் கொடுக்காத பழுதுபார்ப்புக் கூலியும் மாலுமிக்குக் கொடுக்காத சம்பளமும் அதில் தெரியவேண்டும் என்ற கட்டாயமில்லை. கடல்சார் சட்டப்படி அந்தப் பாக்கி கப்பலையே பற்றிக்கொண்டு கைமாறிய பிறகும் கூடவே வரும். இதற்கு எந்த மாநில லைசென்ஸும் மருந்தில்லை. பட்டறை பட்டறையாகக் கேட்டுப் பார்க்கும் தரகர்தான் மருந்து.

1990களின் நடுவில் படகு விளம்பரங்கள் இணையத்துக்குப் போனதும் தட்டச்சுத் தாள் மறைந்தது. மோசடியும் முகத்தை மாற்றிக்கொண்டது. தரகர் நேர்மையானவராகவே இருப்பார். அவர் மின்னஞ்சலுக்குள் புகுந்த ஒருவன் வேறொரு வங்கிக் கணக்கு எண்ணை அனுப்பிவிடுவான். ஏற்கெனவே தெரிந்த எண்ணில் தரகரைக் கூப்பிட்டுக் குரலைக் கேட்டு உறுதி செய்யாமல் யாரும் பணம் அனுப்பக் கூடாது. கமிஷனும் கேள்விக்குள்ளாகியிருக்கிறது. விற்பவர் கொடுக்கும் தொகையை இரு பக்கத் தரகர்களும் பங்கிட்டுக்கொள்ளும் வழக்கத்தை எதிர்த்து 2024இல் தெற்கு ஃப்ளோரிடா ஃபெடரல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தார்கள்.

ஆனால் என் மனசை உறுத்துவது சட்டம் போட்டிருக்கும் எல்லைக்கோடுகள். 32 அடிக்கு மேல், 300 மொத்த டன்னுக்குக் கீழ்: இதுதான் ஃப்ளோரிடா சட்டத்தின் யாட். 300 டன்னைவிடப் பெரியது சட்டம் வந்த காலத்தில் அபூர்வம். இன்று ஃபோர்ட் லாடர்டேல் படகுக் கண்காட்சியில் அந்த டன் கணக்கைத் தாண்டிய சூப்பர் யாட்கள் வரிசையாக நிற்கின்றன; அவற்றின் பேரம் இந்தச் சட்டத்துக்கு வெளியே. அது பரவாயில்லை. அவற்றை வாங்குகிறவர் வக்கீலோடு வருவார். 24 அடி மீன்பிடிப் படகைச் சேமிப்பைப் போட்டு வாங்குகிற தச்சருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியருக்கும் வக்கீல் கிடையாது. அவர்கள் தரகரிடம் கொடுக்கும் 5,000 டாலர் இன்றும் 1985இல் விழுந்த மாதிரியே எந்தக் கணக்கிலும் விழலாம். கலிஃபோர்னியா தன் சட்டத்தை 16 அடியிலிருந்தே தொடங்குகிறது. அங்கே முடிவது ஃப்ளோரிடாவில் மட்டும் ஏன் முடியாது என்பதற்கு எனக்கு ஒரு நியாயமும் தெரியவில்லை.