கரடி செத்ததா, தப்பியதா? வேற்றுமை உருபைக் கேளுங்கள்!

ஃபின்லாந்தில் ஒருவர் கரடியைச் சுட்டதாகச் சொல்கிறார். கரடி செத்ததா, பிழைத்ததா? விடை வினைச்சொல்லில் இல்லை, 'கரடி' என்ற சொல்லின் வாலில் இருக்கிறது, தெரியுமா? 'அம்முயின் கர்ஹுன்' என்றால் கரடி காலி. 'அம்முயின் கர்ஹுஆ' என்றால் சுட்டதோடு சரி, அப்புறம் கரடி என்ன ஆனதோ! வினை அதேதான், மாறியது உருபு மட்டும். இந்த இரண்டாவது உருபு, முடியாத வேலைக்கெல்லாம் வரும். புத்தகத்தைப் படித்துக்கொண்டே இருந்தால் இது, படித்து முடித்துவிட்டால் முன்னது. சரி, 'உன்னைக் காதலிக்கிறேன்' என்பதற்கு எந்த உருபு? முடியாத வேலைக்கானதுதான்! ரசனைக்கார மொழி.

ஃபின்னிஷுக்கு மொத்தம் 15 வேற்றுமைகள். ஹங்கேரியனுக்கு 18 வரை எண்ணுகிறார்கள். ரஷ்யனுக்கு 6, செக்குக்கும் போலிஷுக்கும் 7, ஜெர்மனுக்கு வெறும் 4. எண்ணிக்கையைப் பார்த்து மிரளாதீர்கள். நம் பள்ளிக்கூட இலக்கணத்திலேயே எட்டு இருக்கிறது. அதோடு 'இலிருந்து', 'ஓடு', 'இடம்', 'க்காக' என்று தனித்தனியே எண்ண ஆரம்பித்தால் நாமும் சளைத்தவர்கள் இல்லை.

ஃபின்னிஷில் 'தலோயிஸ்ஸம்மெகின்' என்று ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள். 'எங்கள் வீடுகளிலும்' என்று பொருள். பிரித்தால் தலோ (வீடு), இ (கள்), ஸ்ஸ (இல்), ம்மெ (எங்கள்), கின் (உம்). 'எங்கள்' மட்டும் இடம் மாறி நிற்கிறது, மற்றபடி 'வீடு-கள்-இல்-உம்' அதே வரிசை! வீடு 'வீட்டில்' என்றும் மரம் 'மரத்தில்' என்றும் உருமாறுவதுபோல அங்கேயும் உண்டு. துர்கு என்ற நகரத்தில் இருந்தால் 'துருஸ்ஸா', நடுவிலிருந்த 'க' மாயம்! 1856-இல் திராவிட ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல், ஃபின்னிஷையும் உள்ளடக்கிய 'சித்திய' மொழிக் கூட்டத்தோடு தமிழுக்கு உறவு தேடினார். இன்றைய மொழியியலாளர்கள் அதை ஏற்பதில்லை. ஆனாலும் மனிதர் ஏன் சபலப்பட்டார் என்பது புரிகிறது.

ஃபின்லாந்தில் ஹெல்சிங்கி, எஸ்போ, வன்தா மூன்றும் ஒட்டியிருக்கும் ஊர்கள். முதல் இரண்டில் இருந்தால் ஊருக்கு 'உள்ளே' என்ற உருபு, வன்தாவில் இருந்தால் 'மேலே' என்ற உருபு! ஹெல்சிங்கி விமான நிலையம் இருப்பதே வன்தாவில்தான் என்பதால், விமானத்தைவிட்டு இறங்கியதுமே இலக்கணச் சோதனை. ஹங்கேரியன் இன்னும் ஒரு படி மேலே போகிறது. பெரும்பாலும் சொந்த நாட்டு ஊர் என்றால் 'மேல்', அயல்நாட்டு ஊர் என்றால் 'உள்'. புடாபெஸ்ட்மேல் இருக்கலாம், வியன்னாவுக்குள்தான் இருக்க முடியும். (டெப்ரெட்சென் ஹங்கேரியில்தான் இருக்கிறது, ஆனாலும் 'உள்'. விதிவிலக்கு இல்லாத ஊர் எது?)

ஜெர்மன் ஏ1 வகுப்புக்குப் போகிறவர்கள் கவனிக்க. குளிர்கிறது என்று சொல்ல ஆங்கிலத்தை மனதில் வைத்து 'இஹ் பின் கால்ட்' என்றால், நான் ஈரமில்லாத ஆள் என்பதுபோல ஒலிக்கும்! சரியான வாக்கியம் 'மீர் இஸ்ட் கால்ட்'. 'எனக்கு'க் குளிர்கிறது, அவ்வளவுதான். ரஷ்யனில் 'ம்னே ஹோலத்னா', அதுவும் 'எனக்கு'தான். ரஷ்யர்களுக்கு வயதுகூட 'எனக்கு' இருபது என்றுதான் வரும். 'என்னிடம் பேனா இருக்கிறது' என்று நாம் சொல்வதுபோலவே ரஷ்யனும் ஃபின்னிஷும் சொல்கின்றன. நம் ஆட்கள் இந்த மொழிகளை ஆங்கிலப் பாடநூல் வழியாகப் படித்து, நேராக இருக்கும் பாதையைச் சுற்றுப்பாதை ஆக்கிக்கொள்கிறார்கள் என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

இன்னொன்று! 'பேனா வாங்கினேன்' என்று ஐ இல்லாமல் சொல்லலாம், 'அண்ணன் பார்த்தேன்' என்று சொல்ல முடியுமா? 'அண்ணனை' வேண்டும். ('பெண் பார்க்கப் போனோம்' மட்டும் தனி ரகம்.) ரஷ்யனிலும் இதே கதை. மேசையைப் பார்த்தால் 'ஸ்தோல்' அப்படியே நிற்கும், சகோதரனைப் பார்த்தால் 'பிராத்' என்ற சொல் 'பிராத்தா' ஆகிவிடும். உயிருள்ள ஆண்பாலுக்குத் தனி மரியாதை! அப்படியானால் பிணம்? 'த்ரூப்' என்ற சொல் இலக்கணப்படி உயிரற்றது. ஆனால் இறந்தவனைக் குறிக்கும் 'மெர்த்வெத்ஸ்' உயிருள்ளது! சதுரங்க ராணிக்கும் சீட்டுக்கட்டின் ஏஸுக்கும்கூட ரஷ்ய இலக்கணத்தில் உயிர் உண்டு. எண்கள் கேட்கவே வேண்டாம். ஒரு மேசைக்கு ஓர் உருபு, இரண்டு முதல் நான்கு வரை வேறு, ஐந்திலிருந்து இன்னொன்று. இருபத்தொன்று வந்ததும் மறுபடி ஒருமை!

செக் நாட்டில் வேற்றுமைகளை நம்மைப்போலவே எண்ணால் அழைக்கிறார்கள். ஆனால் அவர்களுடைய நான்காம் வேற்றுமைதான் நம்முடைய ஐ, மூன்றாவதுதான் நம்முடைய கு. விளி ஐந்தாவது. கண்ணன் 'கண்ணா' ஆவதுபோல, பெத்ர் என்பவரைக் கூப்பிட்டால் 'பெத்ர்ஷெ'.

ஐஸ்லாந்துப் பிள்ளைகள் நான்கு வேற்றுமையையும் குதிரையை வைத்து மனப்பாடம் செய்கிறார்கள்: இதோ குதிரை, குதிரையைப் பற்றி, குதிரையிடமிருந்து, குதிரைக்கு. அங்கே புதுப் பெயர்களை அனுமதிக்க 1991 முதல் ஒரு குழுவே இருக்கிறது. வழக்கில் ஊன்றாத பெயர் என்றால், அது நம் ஆறாம் வேற்றுமைக்கு இணையான உருபை ஏற்குமா என்றும் பார்ப்பார்கள்!

இதெல்லாம் வேண்டாம் என்பவர்களுக்கு பல்கேரியன் இருக்கிறது. ஸ்லாவிய மொழிதான், ஆனால் பெயர்ச்சொல்லில் விளியைத் தவிர வேற்றுமைகளை ஏறக்குறைய உதறிவிட்டது. நிம்மதி என்று உட்கார்ந்தால், நேரில் கண்டதற்கு ஒரு வினை வடிவம், பிறர் சொல்லிக் கேட்டதற்கு வேறு வடிவம் என்று ஆரம்பிக்கிறது. நமக்கென்ன, 'வந்தான்', 'வந்தானாம்' என்று போய்க்கொண்டே இருக்கலாம்!