முதல் மாண்டலின் வாங்கும் மாணவனுக்கு

வயலினும் வீணையும் வாங்குவோர்க்கு வழிகாட்ட நம்மிடையே ஆசிரியர் பலருளர். மாண்டலின் வாங்கப் புறப்படும் மாணவனுக்கோ கடைக்காரரே ஆசானாக அமைந்துவிடுகின்றார். பளபளப்பையும் விலையையும் மட்டும் நோக்கி ஒன்றை வாங்கி வருகின்றான். சில திங்கள் சென்றதும் விரல்நுனி புண்பட்டு, சுரமும் சேராது போகவே, தனக்குச் சங்கீதம் வாய்க்காதென எண்ணிக் கருவியைச் சுவரில் மாட்டிவிடுகின்றான். குற்றம் பெரும்பாலும் அவன் விரலில் அன்று, கருவியிலேயே உளது. பெற்றோர் சிறுகச் சிறுகச் சேர்த்த பணமும், பிள்ளையின் ஆர்வமும் ஒருங்கே வீணாகாதவாறு வாங்குவது எவ்வாறு என்பதே ஈண்டு நாம் கூற விழைவது.

மாண்டலின் இத்தாலி நாட்டில் உருப்பெற்ற கருவி. இவ்விரண்டாக நான்கு சோடி, ஆக எட்டுத் தந்திகள். சுருதி சேர்க்கும் முறை மேனாட்டு வயலினுக்குரியதே. ஆதலின் அவ்வயலின் பயின்றவனுக்கு விரலிடங்கள் பாதி பழக்கமானவையே. நேப்பிள்ஸ் நகரத்துப் பழைய அமைப்பின் முதுகு, வீணைக் குடத்தைப்போற் குவிந்திருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கரான ஓர்வில் கிப்சன் என்பார், வயலினைப்போல மரத்தைக் குடைந்து வளைத்த மேற்பலகையும் முதுகும் கொண்ட கருவிகளைச் செய்தார். அவர் வழிவந்தவை இரு வடிவின: நீர்த்துளி போன்ற எளிய 'ஏ' வடிவம் ஒன்று, தோளிற் சுருளும் கூர்முனைகளும் அமைந்த 'எஃப்' வடிவம் மற்றொன்று.

சிறு தொகை கொண்டு செல்பவன் சுருளை மறந்துவிடுக. அது கண்ணுக்கு விருந்தேயன்றி, நாதத்திற்கு அதனால் விளையும் நன்மை மிகச் சிறிது. கைவேலை மிகுதலின் விலை மட்டும் ஏறும். ஒரே விலைக்கு இரண்டும் கிடைப்பின், 'ஏ' வடிவக் கருவியே நல்ல மரத்தாற் செய்யப்பட்டிருக்கும் என நம்பலாம். குவிந்த முதுகுடைய பழங்கருவிகள் மலிவாகக் கிடைப்பதுண்டு. அவை மடியில் வழுகும். கழுத்தும் வளைந்திருத்தல் கூடும். பழுது பார்க்கும் செலவு சில வேளை வாங்கிய விலையையும் விஞ்சிவிடும்.

மேற்பலகை ஒரே மரத்தாலானதா, ஒட்டுப்பலகையா என்பது அடுத்த கேள்வி. நாதத் துளையின் விளிம்பைக் கூர்ந்து நோக்குக. மேலே தெரியும் மரக்கோடுகள் விளிம்பின் தடிப்பிலும் தொடர்ந்து இறங்கினால் முழுமரம். அப்பம் அடுக்கியதுபோற் படைகள் தெரிந்தால் ஒட்டுப்பலகை. முழுமரமே இனிது. எனினும், ஒழுங்காக அமைந்த ஒட்டுப்பலகைக் கருவி, ஒழுங்கற்ற முழுமரக் கருவியினும் தொடக்கக்காரனுக்கு மேலானது என்பது எமது துணிபு.

ஒழுங்காக அமைதல் என்றால் யாது? எஃகுத் தந்திகள் எட்டும் சேர்ந்து 150 இறாத்தலுக்கு மேற்பட்ட விசையுடன் கழுத்தை இழுக்கின்றன. ஆதலின் முதலிற் கழுத்தையே சோதிக்க. தச்சன் சட்டத்தின் நேர்மையைப் பார்ப்பதுபோல, தலைப்பக்கத்திலிருந்து ஒரு கண்ணால் நோக்கினால் முறுக்கும் வளைவும் புலப்படும். முறுகிய கழுத்தாயின் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். அடுத்து, பன்னிரண்டாம் மெட்டின்மேல் தந்தி எவ்வளவு உயர்ந்து நிற்கின்றது என்று காண்க. ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் போதும். அதனினும் மிக உயர்ந்தால், அழுத்தும் விரலுக்கு அது தண்டனையே. பின்னர் ஒவ்வொரு தந்தியையும் ஒவ்வொரு மெட்டிலும் அழுத்தி மீட்டுக. எங்கேனும் கரகரப்பு எழின் மெட்டு தேய்ந்தோ பெயர்ந்தோ இருத்தல் வேண்டும். பிருடைகள் எட்டும் தடையின்றித் திரும்புகின்றனவா என்பதையும் பார்த்துக்கொள்க.

பன்னிரண்டாம் மெட்டு தந்தியின் நடுவிடம். அதற்கு நேரே தந்தியை அழுத்தாது மெல்லத் தொட்டு மீட்டினால் மேற்றாயிச் சுரம் கேட்கும். அங்கேயே அழுத்தி மீட்டினாலும் அதே சுரம் கேட்டல் வேண்டும். கேளாதாயின் உடனே கருவியைக் கழிக்கவேண்டா. மாண்டலினின் குதிரை பொதுவாக ஒட்டப்படுவதில்லை. தந்தியின் அழுத்தத்தாலேயே நிற்பது. பல கடைகளில் அது இடம் மாறியே கிடக்கும். அழுத்திய சுரம் உயர்ந்து ஒலித்தால் குதிரையைக் கழுத்துக்கு அப்பாலும், தாழ்ந்து ஒலித்தால் கழுத்தை நோக்கியும் சிறிது நகர்த்துக. சுருதி சேராத கருவியென ஒதுக்கப்பட்டவற்றுட் சில இவ்வளவிலேயே சீராகிவிடும்.

ஆகவே கையிலுள்ள பணம் முழுவதையும் கடையிற் கொடுத்துவிடலாகாது. பத்திலிரு பங்கை ஒதுக்கி வைத்து, கைதேர்ந்த ஒருவரைக்கொண்டு குதிரையின் உயரத்தையும் தலைப்பக்கப் படியின் வெட்டுக்களையும் சரிசெய்வித்து, புதுத் தந்திகளும் இடுவிக்க. இணைய வாயிலாகப் படம் பார்த்து வாங்குவோர்க்கு இது இன்னும் இன்றியமையாதது.

கருநாடக இசைக்கென வாங்குவோர் மற்றொன்றையும் கருதவேண்டும். இரட்டைத் தந்தியை இழுத்துக் கமகம் பிடித்தல் அரிது. ஒலியும் விரைவில் மாய்ந்துவிடும். ஆந்திர நாட்டுப் பாலகொல்லுவில் 1969 இற் பிறந்து 2014 இல் மறைந்த யூ. சீனிவாஸ், ஒற்றைத் தந்திகள் ஐந்து பூட்டிய மின்சார மாண்டலினைக் கையாண்டே இத்தடையை வென்றார். அத்தகைய கருவிக்கு ஒலிபெருக்கியும் வேண்டுமாதலின் செலவு இரட்டிக்கும். வசதி குறைந்த மாணவன் சாதாரண மாண்டலினிற் சோடிக்கு ஒரு தந்தியைக் கழற்றிவிட்டுச் சரளிவரிசை தொடங்கலாம். மெல்லிசைக்கோ எட்டுத் தந்தியும் இருத்தலே அழகு.

வாங்கியபின், வெயிலில் நிறுத்திய மோட்டார் வண்டிக்குள் கருவியை விட்டுவைத்தலாகாது. பசை இளகிப் பலகை பிரியும். கடற்காற்று வீசும் ஊர்களில் தந்தி விரைவிற் துருப்பிடிக்குமாதலின், வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் அடியும் மேலுமாகத் துடைத்துப் பெட்டியில் வைக்க. தந்தி மாற்றும்போது எட்டையும் ஒருங்கே கழற்றாது ஒவ்வொன்றாக மாற்றினால், குதிரை தன் இடத்திலேயே நிற்கும்.